அம்மனிடம் சொன்ன நிறம்

ஜனவரி 22, ஞாயிறு

மடத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அட்டை வைத்து மறைத்திருக்கிறார்கள். துடைப்பம் வாங்கி நானே பெருக்கினேன். ஹேமா "விடுங்க அத்தை, நான் பண்றேன்" என்று வந்து இன்னொரு முறை பெருக்கினாள். அவள் பெருக்கினால் மூலைகள் தப்பித்துவிடும். அதை நான் சொல்லவில்லை. இந்த வாரம் அவளை எதற்கும் குறை சொல்வதில்லை என்று கோயமுத்தூரிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதலில் காரியம், பிறகு பயணம் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது குன்னூர் கான்வென்ட்டில் மதர் ஆக்னஸ் எங்களுக்குப் பழக்கியது. அந்த வரிசையை இன்று மாற்றிவிட்டேன். பரவாயில்லை.

காரியம் இதுதான். என் மகன் ரகுபதி போய் ஐந்து வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. அவன் மனைவி ஹேமலதா பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல் என்னுடனேயே இருந்துவிட்டாள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அங்கே அவளுடன் வேலை பார்க்கும் தினகரன் என்பவர் அவளை மணக்கக் கேட்டிருக்கிறார். அவருக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சில் சேர வேண்டும். ஹேமா என்னிடம் வந்து நின்று, "நீங்க சரின்னா சரி. வேண்டாம்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடறேன், அத்தை" என்றாள்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "குலதெய்வத்திடம் பூ கேட்போம்" என்றேன். அவள் ஒரு வார்த்தை மறுக்காமல் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். வேதியியல் படித்தவள் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டாள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பயணம்: பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரை வாய்க்குள்ளேயே சொன்னார். ஹேமா என் தோளைத் தொட்டிராவிட்டால் அத்திக்காட்டைத் தாண்டிப் போயிருப்பேன். இந்தக் காலத்தில் யாரும் சொற்களை முழுதாக உச்சரிப்பதில்லை. காது டாக்டரிடம் ஹேமா எனக்காக வாங்கி வைத்திருந்த நேரத்தை இந்தப் பயணத்தைக் காரணம் காட்டி ரத்து செய்தாயிற்று. அந்த வகையில் அம்மன் ஏற்கெனவே எனக்கு ஓர் உதவி செய்துவிட்டாள்.

ஜனவரி 23, திங்கள்

பூசாரி வேலப்பன் வந்து பூ கேட்கும் முறையைச் சொன்னார். வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டே பேசுகிறவர். பாதி விளங்கவில்லை. ஹேமா என் முகத்துக்கு நேராக நின்று திரும்பச் சொன்னாள்.

வீட்டின் மூத்த பெண்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை மடத்தில் தங்கி, விடிந்ததும் ஆற்றில் மூழ்கி, ஒருவேளை மட்டும் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். புதன் மாலை சன்னதியில் நின்று, கேள்வியையும் எந்த நிறப் பூ வந்தால் சம்மதம் என்பதையும் மனதுக்குள் அம்மனிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்றக்கூடாது. வேறு யாருக்கும் தெரியக்கூடாது. வெள்ளியன்று வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஒரு சின்னக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வந்த பூவுக்கு என்ன அர்த்தம் என்பதைக் கேட்டவள்தான் சொல்ல வேண்டும்.

"கேட்டவங்க மாத்திச் சொல்லிட்டாங்கன்னா?" என்று ஹேமா பூசாரியிடம் கேட்டாள்.

"அது அவிகளுக்கும் ஆத்தாளுக்கும் உள்ள வழக்குங்க அம்மிணி. நடுவுல நமக்கென்ன வேலை?"

"எங்க அத்தை மாத்தமாட்டாங்க" என்றாள் ஹேமா. "அவங்க பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்ல. அதனாலதான் வந்தேன்."

இதையும் அவள் என் பக்கம் திரும்பித்தான் சொன்னாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த அறையில் நாச்சிமுத்து என்று ஒரு விவசாயி. தோட்டத்தில் தண்ணீருக்குப் போர்க்குழாய் போடலாமா என்று கேட்க வந்திருக்கிறார். அவர் வீட்டில் மூத்தவளான அவருடைய தாயார் கட்டிலை விட்டு எழுந்து நடமாட முடியாதவர் என்பதால் இவருக்கு விதிவிலக்கு. பேச்சில் தணிவே இல்லாத மனிதர். ஆகவே அவர் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

"போன வருசம் ஆத்தா வேண்டாம்னுட்டாளுங்க. நான் கேக்கல. ஓட்டுனேன். வெறும் புழுதிதானுங்க வந்துச்சு. கண்ணு ரெண்டும் ரொம்பிப் போச்சு. இந்த வருசம் கொஞ்சம் மேக்கால தள்ளிக் கேக்கலாம்னு வந்திருக்கறனுங்க."

உப்பில்லாத சோறு. மோர் விட்டுச் சாப்பிட்டேன். ஹேமாவுக்கு விரதம் கிடையாது. ஆனாலும் அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள். சாப்பிடாதே என்றேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

கொழுந்தனார் துரைசாமி போன் செய்தார். அவர் போனில் கத்தித்தான் பேசுவார். முற்றத்துக்குப் போய்த் தணிந்த குரலில்தான் பேசினேன். மடத்துச் சமையற்காரி அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர் பேச்சைக் கவனிப்பது நல்ல பழக்கம் இல்லை.

அவருக்குச் சம்மதம் இல்லை. நம் வீட்டில் இப்படி நடந்ததில்லை, ஊர் என்ன பேசும் என்கிறார். ஊர் அவரைப் பற்றிப் பேசுவது அவருக்குத் தெரியாது போல. நான் அதைச் சொல்லவில்லை. "எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. இதில் உங்களுக்கு வேலை இல்லை" என்றேன்.

"வேலை இல்லீங்க அண்ணி, சரி. அந்தப் புள்ள போயிருச்சுன்னா உங்களை யாருங்க பாத்துக்குவாங்க? அதையாவது யோசிச்சீங்களா?"

"என்னை நான் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதியம் ஹேமா என் சேலைகளை மடித்து வைத்தாள். கரை வெளியே தெரியும்படி மடிக்கிறாள். கரை உள்ளே போக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன், படியவில்லை. பிரித்துத் திரும்ப மடிக்கலாம் என்று எடுத்தேன். பிறகு அப்படியே வைத்துவிட்டேன்.

ஜனவரி 25, புதன்

சொல்லிவிட்டேன்.

மாலை விளக்கு வைத்ததும் பூசாரி என்னைச் சன்னதி வாசலில் நிறுத்தினார். எனக்குப் பின்னால் ஹேமா. பக்கத்தில் நாச்சிமுத்து, தன் முறைக்காக. ஒரு பெண் கைக்குழந்தையுடன் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது வாயைப் பார்த்தாலே தெரிந்தது.

பூசாரி கையைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்குள்தான் சொன்னேன். உதடு அசைந்திருக்கலாம். கான்வென்ட்டில் எங்களுக்குச் செய்யுள் ஒப்பிக்கப் பயிற்சி கொடுத்தபோது, மனதுக்குள் சொன்னாலும் ஒவ்வொரு சொல்லையும் தனியாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்படியே சொன்னேன். என் மருமகள் ஹேமலதா மறுமணம் செய்துகொண்டு புனே போகலாமா? வெள்ளை வந்தால் போகட்டும். சிவப்பு வந்தால் என்னுடனேயே இருக்கட்டும். பெரும்பாலோர் வெள்ளையைத்தான் சம்மதமாக வைப்பார்களாம். நானும் அப்படியே வைத்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் கேட்டேன்.

கடைசியில் இன்னும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கண் திறந்தபோது அழுத குழந்தை வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி திருநீற்றைக் கொடுக்கும்போது ஏதோ சொன்னார். வழக்கம்போல் வாய்க்குள்ளேயே.

அறைக்கு வந்ததும் ஹேமாவின் கண் சிவந்திருப்பதைக் கவனித்தேன். ஏன் என்றேன்.

"கற்பூரப் புகை, அத்தை."

அவள் எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். தினகரனிடமிருந்து போன் வந்தது. திரையில் பெயர் தெரிந்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. போய்ப் பேசு என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 26, வியாழன்

இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வலது கையால் எழுதுவதால் தொந்தரவு இல்லை.

காலையில் ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. மூழ்குவதற்கு ஆழம் வேண்டும் என்று நடுப் பாறை வரை போனேன். ஹேமா துண்டு எடுக்கப் படிக்கட்டுக்குத் திரும்பியிருந்தாள். நான் கிழக்கே பார்த்து நின்று மூன்றாம் முறை மூழ்கி எழுந்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. கலங்கலாக இருந்தது. பூ கொண்டு வந்த ஒரு கூடை என்னைக் கடந்து வேகமாகப் போனது. அதை யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து முறுக்கி இழுத்தார்கள். கால் வழுக்கியது. வாய்க்குள் தண்ணீர் போனது. படியில் முழங்கால் இடித்தது. பார்த்தால் ஹேமா. நாச்சிமுத்து தன் வேட்டியை அவிழ்த்து அதன் ஒரு முனையை அவளிடம் எறிந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

ஹேமாவை அதட்டினேன். ஒருவரைக் கூப்பிடாமல் இப்படியா இழுப்பது என்றேன்.

அவள் நனைந்த முடியோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்துதான் சொன்னார்.

"கூப்புடலையா? அணையில தண்ணி தொறந்துட்டாங்கன்னு சங்கு ஊதுச்சுங்க. கரையில நின்ன அத்தனை பேரும் தொண்ட கிழியக் கத்துனோம். இந்தப் புள்ள அத்தை அத்தைன்னு கத்திக்கிட்டே குதிச்சிருச்சு. நீங்க பாட்டுக்குச் சூரியனைக் கும்புட்டுக்கிட்டு நிக்கறீங்க."

தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டார்.

நான் நின்றிருந்த பாறை அப்போது தெரியவில்லை. தண்ணீருக்குள் போய்விட்டது.

மதியம் ஹேமா என் மணிக்கட்டுக்குப் பற்றுப் போட்டாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் நீலமாக இருக்கிறது. துணி சுற்றிக்கொண்டே தலை நிமிராமல் ஏதோ சொன்னாள்.

"நிமிர்ந்து சொல்" என்றேன்.

நிமிர்ந்தாள். "நாளைக்குச் சிவப்பே வரட்டும், அத்தை."

நிறத்தைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாக ஊகித்திருக்க வேண்டும். "எதற்கு?" என்றேன்.

"உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போறது? தினகரனுக்கு மெசேஜ் அனுப்பப் போறேன்."

"பூ வரும்வரை எதுவும் அனுப்பக்கூடாது. முறை என்று ஒன்று இருக்கிறது."

"சரிங்க அத்தை."

நான் எதிர்பார்த்ததைத்தான் அவள் சொன்னாள். அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன். ஆனால் அவள் அதைச் சொன்னபோது பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ரகுபதியின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளியைப் பார்க்கிற பார்வை. நான் நோயாளி இல்லை. என் வீட்டில், என் பக்கத்தில், என்மேல் பரிதாபப்பட்டு ஒருத்தி தன் ஆயுளைக் கழிப்பதற்கு நான் எதற்கு அம்மனிடம் உத்தரவு வாங்க வேண்டும்?

ஆனால் சொல்லியாயிற்று. சொன்ன பிறகு மாற்றக்கூடாது.

ஜனவரி 27, வெள்ளி

விடிந்தது முதல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆற்றில் இறங்க விடவில்லை. கரையில் நிற்க வைத்துச் செம்பில் மொண்டு ஹேமா தலையில் ஊற்றினாள். குனிந்து நிற்பது எனக்குப் பழக்கம் இல்லை. நின்றேன்.

கூட்டம் இருந்தது. நாச்சிமுத்துவுக்கு முதலில் கேட்டார்கள். வெள்ளை. "உத்தரவு குடுத்துட்டா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஒரு தேங்காயைத் தரையில் உடைத்தார். தண்ணீர் வரும் என்று இப்போதே முகத்தில் தெரிந்தது.

அடுத்து என் முறை. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் என் கண் முன்னால் கட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். எது எது என்று அதன் பிறகு எனக்கும் தெரியவில்லை. மணி அடித்தார்கள். இங்கே மணியை மெதுவாகத்தான் அடிக்கிறார்கள். கற்பூரம் காட்டினார்கள். தூணோரப் பெண்ணின் குழந்தையை இறக்கி விட்டார்கள். அது தவழ்ந்து போய் முதலில் விபூதித் தட்டில் கையை வைத்தது. பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிக்கொண்டார்.

நூலைப் பிரிக்க அவருக்கு நேரமானது. ஹேமா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பரீட்சை முடிவைப் பார்க்கக்கூடப் போகாத பிள்ளைகள் இருப்பார்களே, அப்படி நின்றாள்.

இலை விரிந்தது. சிவப்பு.

பூசாரி அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, மிகச் சிறியதாக இருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஹேமா மட்டும் பார்க்கவில்லை. அவள் கைப்பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தாள். செய்தி அனுப்பத்தான்.

"சம்மதம் கிடைத்துவிட்டது" என்றேன். "சிவப்பு வந்தால் போகட்டும் என்றுதான் கேட்டிருந்தேன். கல்யாணக் காரியம் இல்லையா? மங்கலமான நிறத்தைத்தான் வைப்பேன்."

ஹேமாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

நாச்சிமுத்து முன்னால் வந்தார். "ஏனுங்கம்மா, நீங்க முந்தாநேத்து வெள்ளைன்னுதானுங்க சொன்னீங்க? வெள்ளை வந்தாப் போகட்டும்னு சொன்னீங்க. அப்புறம் சிவப்பைக் குடு தாயே, எனக்கு வேற யாரும் இல்லைன்னு..."

"நாச்சிமுத்து." பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இந்த ஆறு நாளில் முதல்முறையாக வாயில் எதுவும் இல்லாமல், என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் முழுதாகச் சொன்னார். "நீ உம்பட போரைப் பத்திப் பேசு. நானும் இங்கதான் நின்னேன். சிவப்பு வந்தாப் போகட்டும்னுதான் அம்மா சொன்னாங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹேமாவைப் பார்த்தார். "அப்படீங்களா. அப்ப எனக்குத்தான் செரியாக் கேக்கலைங்க போல" என்றார். "போர் வண்டிச் சத்தத்துல நின்னு நின்னு காது போயிருச்சு."

அம்மனிடம் மனதுக்குள் சொன்னது எத்தனை பேருக்குக் கேட்டது என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. தூணோரப் பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தில் சூடு ஏறியது. தலை குனியவில்லை.

கோயில் படியில் ஹேமா எனக்கு முன்னால் இறங்கிப் போய், திரும்பி, என் முகத்துக்கு நேராக நின்றாள். அவள் எப்போதும் அப்படி நின்று பேசுவது ஏன் என்று இத்தனை நாளாக நான் யோசித்ததில்லை.

"அத்தை, நீங்க பொய்யே சொல்லமாட்டீங்கன்னு நான் தினகரன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்."

"புதன்கிழமை நான் உங்க பின்னாடிதான் நின்னேன்."

"தெரியும். நேராக நிற்கவில்லை. கூன் போட்டு நின்றாய்."

அவள் என் கையிலிருந்த பூவை எடுத்தாள். வாடிவிடும் என்றேன். இலையில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு படி தள்ளி உட்கார்ந்து போன் பேசினாள். நான் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்பு யாருடையதோ மாறிப் போயிருந்தது. அதைச் சரி செய்ய அரைமணி நேரம் ஆயிற்று.

மாலை உப்புப் போட்ட சோறு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 28, சனி

மடத்தை விடும் முன் அறையைப் பெருக்கினோம். ஹேமா பெருக்கினாள். மூலைகளை நான் பார்க்கவில்லை.

துரைசாமிக்குப் போன் செய்து, சிவப்பு வந்தது, சிவப்புக்குச் சம்மதம் என்று பொருள் என்றேன். நீளமாக ஏதோ பேசினார். விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் ஹேமாவுக்கு ஜன்னலோரம். பாதி வழியில், காது டாக்டரிடம் மறுபடியும் நேரம் கேள் என்று சொன்னேன். அவள் சட்டென்று திரும்பினாள். அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை என்றேன். புனேக்கு நினைத்தபோதெல்லாம் போக முடியாது, போனில்தான் பேச வேண்டும். போனில் முகம் தெரியாது. நீயோ வாய்க்குள்ளேயே பேசுகிறவள் என்றேன்.

"டாக்டர் என்ன தொந்தரவுன்னு கேட்டா என்ன சொல்றது, அத்தை?"

"மற்றவர்கள் யாரும் சரியாக உச்சரிப்பதில்லை என்று சொல்."

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெரிய சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். சிரித்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.